புரட்டாசி பிராய்க்கு வீகன் பார்பிக்யூ சாஸ்: ஒரு சனிக்கிழமை இரவில் நான் பட்ட பாடு

டர்பனில் இருக்கும் தமிழர்களுக்கு செப்டம்பர் 24 கொஞ்சம் சங்கடமான நாள். தென்னாப்பிரிக்கா முழுக்க அன்று ஹெரிட்டேஜ் டே விடுமுறை. 1995-க்கு முன்னால் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அதை ஷாக்கா டே என்று கொண்டாடியிருக்கிறார்கள். இப்போது பெயர் எதுவானாலும், ஊரே முற்றத்தில் கரி மூட்டி இறைச்சி சுடும் நாள் அது. இப்படிக் கரியில் சுடுவதற்கு இங்கே பிராய் என்று பெயர், அதனால் பிராய் டே என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் அது புரட்டாசி. ஐந்து தலைமுறையாக இங்கே இருந்து, தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராத குடும்பங்கள்கூட புரட்டாசி முழுக்கக் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. ஊரிலிருந்து வந்த புதிதில் இதைப் பார்த்து நான் அசந்து போயிருக்கிறேன். அதற்காக பிராயை விட்டுவிடுவார்களா? விட மாட்டார்கள். மக்காச்சோளம், கத்திரிக்காய், பட்டர்நட் பூசணி, பெரிய காளான், சோயா உருண்டை எல்லாவற்றையும் கம்பி வலையில் ஏற்றிவிடுவார்கள். இவை எல்லாம் கடையில் கிடைக்கும். மாட்டிக்கொள்வது மேலே தடவுகிற பார்பிக்யூ சாஸில்தான். அந்த சாஸால் எனக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு ராண்ட் செலவானது, ஒரு மிக்ஸி போனது, இடது கையில் ஒரு தழும்பு மிச்சம். யாராவது முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ தவிர்த்திருக்கலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2023-இல் நடந்தது. அந்த வருஷம் 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் புரட்டாசி முதல் சனி. நாங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார ஆன்ட்டி, அவர் மகன் குடும்பம், பேத்தி. தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து பிராய் போடுவதாகப் பேச்சு. ஐம்பது பேர் வருவார்கள், ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். சாஸ் என் பொறுப்பு. ஆன்ட்டி வைத்த நிபந்தனை, மீனும் முட்டையும் எந்த வடிவத்திலும் இருக்கக் கூடாது. பேத்தி பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு வீகன் ஆகிவிட்டாள். அவளுக்குப் பால், தேன்கூட ஆகாது. "தேன்ல என்னமா இருக்கு, சாமிக்கே ஊத்துறோமே" என்று ஆன்ட்டி கேட்டதற்கு, "அது தேனீயோடது ஆயா, நம்மளோடது இல்ல" என்றாள் அவள். ஆன்ட்டிக்குப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் நடுவில் புகுந்து, ஒரே சாஸ், வீகனாகவே செய்துவிடலாம், விரதக்காரர்களுக்கும் ஆகும் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்த வாரம் வேலை விஷயமாகக் கேப் டவுனில். ஆக, சொன்னவள்தான் செய்யவும் வேண்டும்.

முதலில் கடைக்குத்தான் போனேன். புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பார்பிக்யூ சாஸ் என்றால் தக்காளி, சர்க்கரை, வினிகர்தானே, இதில் என்ன அசைவம் இருக்கப் போகிறது என்று தோன்றும். அசைவம் ஒளிந்திருப்பது வொர்ஸ்டர் சாஸில். பல பார்பிக்யூ சாஸ்களில் அது ஒரு கூட்டுப்பொருள். இங்கிலாந்தில் 1830-களிலிருந்து செய்யப்படும் லீ அண்ட் பெரின்ஸ் வொர்ஸ்டர் சாஸில் நெத்திலி மீனை ஊற வைத்துச் சேர்ப்பது ஒன்றும் ரகசியம் இல்லை, புட்டியிலேயே போட்டிருக்கும். நெத்திலி சேர்க்காத வொர்ஸ்டர் சாஸும் விற்கிறார்கள், ஆகவே பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. நல்ல வேளையாக, இந்த நாட்டில் 2010-இல் வந்த ஆர்146 என்ற லேபிள் விதியின்படி மீன், முட்டை, பால், சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் அச்சிட வேண்டும். அதனால் முதலில் 'அலர்ஜன்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அதில் ஃபிஷ் என்றோ மில்க் என்றோ இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், வைத்துவிடலாம். ஆனால் தேன் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு முழுப் பொருள் பட்டியலையும் படித்தே ஆக வேண்டும். ஈ120 என்று ஒரு சிவப்பு நிறம் எங்காவது இருந்தால் அது ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது. ஈ150 என்றால் கேரமல் நிறம், அது சர்க்கரையிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம். இவ்வளவையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து முடித்தபோது என் கையில் மிஞ்சிய புட்டி ஒன்றுதான். அதன் விலைக்கு ஐம்பது பேருக்கு வாங்கினால் மாத வாடகையில் கால்வாசி போய்விடும்.

அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், வீட்டிலேயே சாஸ் செய்து விற்கும் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தார். 'வீகன், ஹோம்மேட்' என்று அழகான படம். இரண்டு லிட்டருக்கு 900 ராண்ட், முழுப் பணமும் முன்கூட்டியே. கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னவர், சனிக்கிழமை மாலை நாலரைக்கு ஒரு பையன் மூலம் அனுப்பினார். லேபிளில் பெயரும் ஒரு இலையின் படமும் மட்டும். மூடியைத் திறந்து நக்கிப் பார்த்தேன், அருமையாக இருந்தது. அந்த அருமையே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். பட்டியல் வந்தது, நடுவில் வொர்ஸ்டர் சாஸ். எந்த வொர்ஸ்டர், படம் அனுப்புங்கள் என்றேன். புட்டியின் பின்பக்கப் படம் வந்தது, அதில் ஆன்ச்சோவி என்று தெளிவாக இருக்கிறது. 'ரெண்டே ஸ்பூன்தான் போட்டேன், மீன் வாசனையே வராது' என்று ஒரு குரல் செய்தி. வாசனையா பிரச்சினை? விரதம் இருப்பவர்களுக்குத் தெரியாமல் மீனை ஊட்டிவிட்டு, வாசனை வரவில்லை என்று சமாதானம் சொல்ல எனக்கு வாய் வராது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பதில் நின்றுவிட்டது. இன்றைக்கு வரை வரவில்லை. இந்த நாட்டின் 2008-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய பொருள் தரமில்லாமலோ வாங்கிய நோக்கத்துக்கு ஆகாமலோ இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் ஒரு ரசீதோ எழுத்தில் ஒரு உறுதியோ இல்லாமல் வெறும் எண்ணோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. வீட்டில் செய்பவர்களிடம் வாங்கும்போது 'வீகனா?' என்று கேட்டுப் பயனில்லை. ஆளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, அதில் கடையில் வாங்கிய சாஸ் ஏதாவது உண்டா, அதன் பின்பக்கப் படம் என்ன என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஒரே நாளில் தேவைப்படுகிற பொருளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

மணி ஐந்து. ஆன்ட்டி வீடு முழுக்கக் கோவிலுக்குப் போய்விட்டது, முதல் சனி அல்லவா. மின்வெட்டு நேரம் சொல்லும் ஆப்பில் எட்டு மணி என்று காட்டியது. உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அழுதேன். யாருக்காக இதைத் தலையில் போட்டுக்கொண்டோம் என்று இருந்தது. அப்புறம் எழுந்து, அந்த நெத்திலிப் புட்டியின் படத்தையே மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். வினிகர், வெல்லப்பாகு, சர்க்கரை, உப்பு, நெத்திலி, புளி, வெங்காயம், பூண்டு, மசாலா. புளி! வொர்ஸ்டர் சாஸின் அந்தப் பிடிபடாத ருசியில் பாதி நம் வீட்டுப் புளியுடையது. நெத்திலி தருகிற அடி ருசியை சோயா சாஸ் தந்துவிடும். மிச்சம் கிராம்பும் பூண்டும். அதாவது வொர்ஸ்டர் சாஸுக்கு மாற்று தேடி இனிக் கடைக்கு ஓட வேண்டியதில்லை, எல்லாம் அடுக்களையில் இருக்கிறது. கடைகளில் நாம் பார்க்கும் கெட்டியான, தித்திப்பான பார்பிக்யூ சாஸ் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி வகை. தக்காளியும் வெல்லப்பாகும்தான் அதன் அடித்தளம். கரோலினா பக்கம் வினிகரும் கடுகும் சேர்த்துத் தண்ணியாகச் செய்வார்களாம். நமக்குத் தேவை முதல் வகை. செய்முறை என்று பார்த்தால் வத்தக்குழம்பை இன்னும் வற்றவிட்டு இனிப்பைக் கூட்டியது போலத்தான், கை தானாகப் பழகிவிடும்.

அளவு சொல்கிறேன், இது ஏறக்குறைய அரை லிட்டருக்கு. ஒரு பெரிய வெங்காயத்தைத் துருவிக்கொள்ளுங்கள், நறுக்க வேண்டாம். நாலு பல் பூண்டு. ஒரு சின்ன எலுமிச்சை அளவு புளியை அரை கப் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். கட்டிப் புளியில் கொட்டையும் நாரும் இருக்கும், வடிகட்டாமல் விட்டால் சாஸ் தடவும் பிரஷ்ஷில் எல்லாம் சிக்கும். தக்காளிப் பேஸ்ட் 100 கிராம், டொமேட்டோ சாஸ் ஒரு கப், இங்கே கப் என்றால் 250 மில்லி. வினிகர் கால் கப்புக்குக் கொஞ்சம் மேல், பிரவுன் வினிகரோ ஆப்பிள் வினிகரோ எதுவானாலும் சரி. சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை சேர்ந்திருக்கும், குளூட்டன் ஆகாதவர்கள் வருகிறார்கள் என்றால் கோதுமை இல்லாத தமாரி என்ற சோயா சாஸ் வாங்க வேண்டும். இனிப்புக்கு ட்ரீக்கிள் சுகர் அரை கப். கரும்பு விளையும் நாட்டில் இருக்கிற பெரிய நன்மை, ஈரமான, கறுத்த, வெல்லப்பாகு வாசனை போகாத அந்தச் சர்க்கரை எந்தக் கடையிலும் சல்லிசாகக் கிடைக்கும். அது இருந்தால் தனியாக வெல்லப்பாகு வாங்க வேண்டாம். நம் ஊர்க் கருப்பட்டியும் பொருந்தும், ஆனால் அதன் வாசனை மேலே தூக்கலாக நிற்கும். புகையிட்ட பாப்ரிக்கா தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று, கடுகுத்தூள் ஒன்று, மிளகு அரை, கிராம்பு இரண்டு பொடித்தது. கடுகு ஒவ்வாதவர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். டர்பன் மசாலாக் கடைகளில் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் குவித்து வைத்திருக்கும் கறி மசாலாவை இதில் போட ஆசை வரும். போடாதீர்கள், சீரகமும் சோம்பும் சேர்ந்தால் சாஸ் குழம்பாகிவிடும். உப்பு இப்போது கிடையாது. சோயா சாஸிலும் டொமேட்டோ சாஸிலும் ஏற்கனவே இருக்கிறது, கடைசியில் பார்த்துத்தான் போட வேண்டும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தைச் சின்னத் தீயில் பத்து நிமிஷம் வதக்குங்கள், சிவக்க வேண்டாம், கரைய வேண்டும். பூண்டு, உடனே தூள்கள், அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், பாப்ரிக்கா கருகினால் கசக்கும். தக்காளிப் பேஸ்ட்டைப் போட்டு நிறம் ஆழமாகிற வரை பிரட்டுங்கள், டின் வாசனை போவது இந்த இடத்தில்தான். அப்புறம் புளிக்கரைசல், வினிகர், சோயா சாஸ், டொமேட்டோ சாஸ். புளியின் பச்சை வாசனை போகப் பத்து நிமிஷம் கொதிக்கட்டும். ஆறவிட்டு அரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்றி, சர்க்கரையைக் கடைசியாகப் போட்டு இன்னொரு பத்து நிமிஷம். சர்க்கரையை முதலிலேயே போட்டால் அடிப்பிடிப்பது நிச்சயம். அதுவும் பாதியைப் போட்டு ருசி பார்த்த பிறகு மீதியைப் போடுங்கள், டொமேட்டோ சாஸுக்குள்ளேயே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது வாங்கும் புட்டியைப் பொறுத்தது. பதம் பார்க்க ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விடுங்கள். சூட்டில் தண்ணியாகத் தெரிவது ஆறியதும் இறுகும், பானையிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் மறுநாள் கத்தியால்தான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. நான் செய்தது நாலு மடங்கு. ஆளுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி என்று கணக்குப் போட்டால் ஐம்பது பேருக்கு இரண்டு லிட்டர் வேண்டும். நாலு மடங்கு செய்கிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கிராம்பையும் மிளகாயையும் நாலு மடங்காக்காதீர்கள், இரண்டரை மடங்கு போதும், ருசித்துக் கூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, நேரம். ஆழமான பானையில் நீர் வற்ற நேரம் பிடிக்கும், பத்து நிமிஷம் என்பது அரைமணியாகும். அகலமான, அடி கனத்த பாத்திரமே நல்லது. எனக்கு எட்டு மணி நெருங்கும்போதுதான் முதல் கொதி முடிந்தது. ஆறவைக்க நேரமில்லை. ஊரிலிருந்து நான் கட்டிச் சுமந்து வந்த மிக்ஸியில், மூன்று உருண்டைக் கம்பியுள்ள இந்த ஊர் பிளக்குக்கு அடாப்டர் மாட்டி, ஜாரில் பாதி மட்டும் ஊற்றி, மூடிமேல் துணி போட்டு அழுத்திக்கொண்டு அரைத்தேன். சூடானதை அரைக்கும்போது ஆவி மூடியைத் தூக்கும் என்பது தெரிந்ததுதான், அதற்கான ஜாக்கிரதை எல்லாம் இருந்தது. இரண்டாவது ஜார் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. இருட்டு. ஒரு கையில் போனின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அரைபட்டிருக்கிறது என்று மறுகையால் மூடியைத் தூக்கினேன். அந்த நொடியில் மின்சாரம் பளிச்சென்று திரும்பி வந்தது. மிக்ஸியின் திருகு 'ஒன்று' என்ற இடத்திலேயே இருந்தது. அவ்வளவுதான். சாஸ் கூரை வரை போனது, சுவர், ஜன்னல் திரை, என் தலை, இடது முன்கை. நான் கத்தினேன், கேட்க ஆளில்லை. சில நொடிகளில் மின்சாரம் மறுபடி போய்விட்டது, மிக்ஸியிலிருந்து ஒரு கருகல் வாசனை. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

மின்வெட்டுள்ள ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் இதைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எந்தச் சாமானும், மிக்ஸியோ கிரைண்டரோ அடுப்போ இஸ்திரிப் பெட்டியோ, மின்சாரம் போன மறுகணம் சுவர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகுதான் விளக்கைத் தேட வேண்டும். மின்சாரம் போகும்போதும் வரும்போதும் இப்படி ஒரு முறை வந்து போவது உண்டு. அந்தத் துள்ளலில்தான் மோட்டார் போகிறது.

கை விஷயம். சாஸ் வெறும் வெந்நீர் மாதிரி வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டே சுடும். அதனால் உடனே கழுவ வேண்டும். குழாயைத் திறந்தால் காற்று வந்தது. தண்ணீர் நின்று போவது எங்கள் பகுதியில் புதிதில்லை, ட்ரம்மில் பிடித்து வைத்திருந்தேன், அது காப்பாற்றியது. வளையல்களைக் கழற்றிவிட்டு, குவளை குவளையாக மொண்டு இருபது நிமிஷம் ஊற்றிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிஷம் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு, குறைக்காதீர்கள். ஐஸ் வைக்கக் கூடாது. பற்பசை, மை, இட்லி மாவு, வெண்ணெய் என்று நம் வீடுகளில் பூசுகிற எதுவும் வேண்டாம், பிறகு டாக்டர் அதைச் சுரண்டித்தான் எடுப்பார். சுத்தமான பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். காயம் முகத்திலோ உள்ளங்கையிலோ மூட்டிலோ இருந்தால், அல்லது உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு அதைவிடச் சின்னதுதான். 24 ஞாயிறாக இருந்ததால் திங்களும் விடுமுறை, செவ்வாய்க்கிழமைதான் டாக்டரைப் பார்த்தேன். கொப்புளத்தை உடைக்காமல் வைத்திருந்ததற்கு அவர் பாராட்டினார், பாராட்டுக்கு 500 ராண்ட்.

திரும்பி வந்து பானையைப் பார்த்தால் முக்கால்வாசி சாஸ் அப்படியே இருக்கிறது, சர்க்கரை இன்னும் சேரவில்லை. எங்களுடையது மின் அடுப்பு. முற்றத்தில் மறுநாளுக்கென்று வாங்கி வைத்த விறகும் கரியும் இருந்தன. ஒரு கையால் கரி மூட்டி, கம்பி வலைமேல் பானையை ஏற்றினேன். கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள்ளோ மூடிய கேரேஜுக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். மழை பெய்தாலும், குளிர் அடித்தாலும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்கிப் போவது போல ஆளைக் கொன்றுவிடும். விறகில் செகல்பாஸ் என்று ஒரு முள் மரம் கலந்திருந்தது. நம் ஊர் வறட்டுக் காடுகளில் நிற்கிற விடத்தேரை மரமேதான் அது. நல்ல கனத்த கட்டை, நின்று எரியும். இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால் என் அப்பா நம்பமாட்டார்.

கரியில் தீயைக் குறைக்க ஒரு திருகு கிடையாதே. பானையைப் பாதி வெளியே இழுத்து வைத்து, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தேன். கெட்டியான சாஸ் கொதித்தால் குமிழ் வெடித்துத் தெறிக்கும், மூடியைச் சாய்த்து வைத்தால் ஆவியும் போகும், கண்ணும் தப்பும். சர்க்கரை சேர்த்த பிறகு காற்று மாறியதில் தீ ஏறி, அடியில் பிடித்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் அடியைச் சுரண்டாமல், கிளறாமல், மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிட வேண்டும். ஒரு தடவை சுரண்டினால் முழுப் பானையும் கசக்கும். ஊற்றியதை நக்கிப் பார்த்தேன். கருகல் இல்லை, ஆனால் புகை வாசனை நன்றாக ஏறியிருந்தது. பாப்ரிக்கா தரும் புகையைவிட உருப்படியான புகை. இதற்காக யாரும் ராத்திரி முற்றத்தில் நிற்க வேண்டியதில்லை. சாஸ் பாத்திரத்தின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் கனன்ற கரித்துண்டு ஒன்றை வைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு உடனே மூடி ஐந்து நிமிஷம் வைத்தால் அதே வாசனை வரும். வடக்கே நெய் விடுவார்கள், வீகனுக்கு எண்ணெய். புகை ஏற்றுவதும் வெளியில் வைத்துத்தான். பெரிய கடைகளில் லிக்விட் ஸ்மோக் என்று புட்டியில் கிடைப்பதும் விறகுப் புகையைக் குளிரவைத்து எடுத்ததுதான், சில சொட்டுக்கு மேல் விட்டால் மருந்து வாசனை.

புட்டியில் அடைக்கும்போது, பழைய ஜாம் புட்டிகளை வெந்நீரில் சூடாக்கி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் சாஸை ஊற்றினால் விரிசல் விடும். எனக்கு ஒன்று போனது, அதிலிருந்த சாஸும் சேர்த்துத்தான் போனது, கண்ணாடித் தூள் கலந்ததை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே கூடாது. பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தால் ஒன்றேகால் லிட்டர் தேறியது. ஆன்ட்டி வீட்டார் திரும்பி வந்து, என் கையையும் கூரையையும் பார்த்துப் பதறிப் போனார்கள். "ஃபோன் பண்ணக் கூடாதாமா, கோயில்ல தானே இருந்தோம்" என்று ஆன்ட்டி திட்டிக்கொண்டே பாத்திரத்தைத் தேய்த்தார்.

மறுநாள் பிராயில் முதல் தட்டு மக்காச்சோளம் கரிக்கட்டையாக வந்தது. அடுப்பைக் கவனித்த பையன்கள், இறைச்சிக்கு மசாலா ஊறவைப்பது போல ஆரம்பத்திலேயே சாஸைப் பூசி வலையில் போட்டுவிட்டார்கள். சர்க்கரை உள்ள சாஸ் நேரடித் தணலில் சில நிமிஷம் தாங்காது. காய்களை வெறும் எண்ணெயும் உப்பும் தடவிச் சுட்டு, வெந்து முடிகிற கடைசி ஐந்து நிமிஷத்தில் தணல் குறைந்த ஓரத்துக்குத் தள்ளி, மெல்லிசாக இரண்டு தடவை பூசினால் பளபளப்பாக ஒட்டும். கத்திரிக்காயும் காளானும் சாஸை நன்றாக வாங்கிக்கொண்டன. பட்டர்நட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், ஏற்கனவே இனிப்பு. ஒன்றேகால் லிட்டர் போதாமல் போகும் என்று பயந்தேன், கொஞ்சம் மிஞ்சியது. பேத்தி ஒரு புட்டியை ஹாஸ்டலுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

எடுத்துப் போகும்போது, எவ்வளவு நாள் வைக்கலாம் என்று கேட்டாள். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம், சுத்தமான கரண்டி போட்டால். வெளியில் வைக்கிற ஊறுகாய் மாதிரி இதை நினைக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் இருக்கிற, காற்றுப்புகாமல் மூடிய புட்டியில் புளிப்பு போதாவிட்டால் பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமிருக்கிறது. அமிலத்தன்மை பிஹெச் 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. புளி, வினிகர், தக்காளி மூன்றும் உள்ள சாஸ் பொதுவாக அதற்குக் கீழேதான் இருக்கும், ஆனாலும் இனிப்பு வேண்டும் என்று வினிகரைக் குறைப்பவர்களும் தண்ணீரைக் கூட்டுபவர்களும் ஃப்ரிட்ஜை நம்புவதே மேல். பக்கத்து வீட்டுக்காரர் நீச்சல் குளத்துக்கு வைத்திருக்கும் சோதனைத் தாளைக் கொடுத்தார். அது ஆறிலிருந்து எட்டு வரை உள்ள தண்ணீரை அளக்கச் செய்தது, சாஸுக்கு உதவாது. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சோடா மாதிரிச் சீறினாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். நீண்ட நாள் வேண்டும் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, கட்டிகளைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதம் ருசி மாறாமல் இருக்கிறது. இப்போது நான் செய்வது அப்படித்தான், அதுவும் காலையில், மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து, வெங்காயத்தைத் துருவிவிட்டு அரைக்காமலேயே. புது மிக்ஸிக்குக் கொடுத்த 800 ராண்டை நினைத்தால் கொஞ்சம் கரகரப்பாக இருப்பது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. ஆன்ட்டிக்கு மட்டும் சர்க்கரை பாதி, மிளகாய் இரட்டிப்பு. அவர் அதை வடைக்குத் தொட்டுக்கொள்கிறார்.